இடிப்பதற்கு முன் ஓர் அளவெடுப்பு: மாட்டுங்காவிலிருந்து ஒரு மதிப்புரை

மும்பை மாட்டுங்காவில் பழைய பில்டிங்கில் இருப்பவர்கள், இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்ட் பேச்சு ஆரம்பித்ததும் முதலில் வக்கீலைத் தேடுகிறார்கள். அதே வாரத்தில் கட்டடத்தை ஆவணப்படுத்தித் தருகிறவர்களையும் தேடுங்கள். எங்கள் பில்டிங் வீட்டுக்காரர்களின் சொசைட்டி அப்படி ஒரு சின்னக் குழுவை அமர்த்தியது. இரண்டு ஆர்க்கிடெக்ட்கள், ஒரு புகைப்படக்காரர், அவ்வளவுதான். தனி ஆட்களாக வேலை செய்பவர்கள் என்பதால் பெயர் போடவில்லை. செலவைப் பிரித்தபோது ஒரு வீட்டுக்கு ஒரு மாத மெயின்டனன்ஸை விடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. கொடுத்த பணத்துக்கு மேலேயே செய்தார்கள்.

எங்கள் பில்டிங் 1930களின் கடைசியில் கட்டியது. தரைத்தளம், மேலே இரண்டு மாடி. வளைந்த பால்கனி, ஜன்னலுக்கு மேல் புருவம் மாதிரி நீளும் சஜ்ஜா, மாடிப்படிக்கு உயரவாக்கில் கண்ணாடிப் பட்டை என்று ஆர்ட் டெகோ என்ற அந்தக் காலக் கட்டடப் பாணியின் அடையாளம் எல்லாம் உண்டு. மாட்டுங்காவில் தெருவுக்குத் தெரு இப்படி வீடுகள் இருக்கின்றன. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை தெற்கே ஓவல் மைதானத்தைச் சுற்றியுள்ள கட்டடங்கள். எங்கள் பேட்டை அந்த எல்லைக்குள் வராது. அதனால் இங்கே ஒரு வீடு போனால், அதில் வாழ்ந்தவர்கள் எழுதி வைத்தால்தான் உண்டு.

அந்தக் குழு வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். படிக்கட்டு கிரில்லில் உதயசூரியன் வடிவம் இருக்கிறது. ஒவ்வொரு கதிரின் பட்டைக் கம்பியையும் காலிப்பர் வைத்து அளந்தார்கள். எந்தக் கதிர் பிற்பாடு வெல்டிங் செய்தது, எது பழைய ரிவெட் போட்டது என்று படத்தில் தனித்தனியாகக் குறித்திருக்கிறார்கள். வாசல் பக்கச் சுவரில் தபால் தலை அளவுக்குச் சுரண்டிப் பார்த்ததில் வெள்ளை, அதற்குக் கீழே நீலம், பச்சை, கடைசியில் வெளிர் மஞ்சள். நான் பிறந்ததிலிருந்து பார்த்தது நீலமும் வெள்ளையும்தான். முதலில் அந்த மஞ்சளில்தான் இந்த வீடு நின்றது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழ்வீட்டு மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, "அம்மா சொல்லுவா, சந்தனக் கலர்னு" என்றார். அந்த வாக்கியத்தையும் அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் நான் மற்ற எல்லாவற்றையும்விட மேலாக வைப்பது ஒரே ஒரு தாளை. எங்கள் மொட்டைமாடியில் ஆரம்பித்து, பால்கனி, காம்பவுண்டு, நடைபாதை, சாலை, எதிரே ஃபைவ் கார்டன்ஸின் ஒரு தோட்டம் வரை குறுக்குவெட்டாக வரைந்த படம் அது. தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் விரியும் உயரமும் இரண்டாம் மாடிப் பால்கனியின் உயரமும் அதில் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன. கோடையில் எங்கள் கூடம் ஏன் குளுமையாக இருக்கிறது என்பதற்கு அந்தப் படம் போதும். இங்கே வீட்டையும் தோட்டத்தையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. 1898இல் நகரைச் சீரமைக்க இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. நெரிசலிலிருந்து ஜனங்களை வடக்கே கொண்டுவரத்தான் தாதர், மாட்டுங்கா திட்டமே போட்டார்கள். அகலமான சாலையும் வீட்டுக்கு வீடு இடைவெளியும் நடுவில் தோட்டமும் காற்றுக்காக வந்தவை. டிரஸ்டில் இன்ஜினியராக இருந்த மஞ்சர்ஜி ஜோஷி பார்சிகளுக்காக 103 மனைகளைக் கேட்டு வாங்கி, பக்கத்திலேயே பார்சி காலனி உருவாகக் காரணமாக இருந்தார். ஃபைவ் கார்டன்ஸ் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிங்ஸ் சர்க்கிளின் வட்டத் தோட்டம் இப்போது மகேஷ்வரி உத்யான். இதையெல்லாம் இரண்டே பக்கத்தில், பழைய வரைபடத்தின் மேல் இன்றைய தெருக்களை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். தோட்டத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அவர்களே செய்தார்கள்.

குறை என்றால் இரண்டு. விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில். 1930களிலிருந்து தமிழும் மலையாளமும் கன்னடமும் குஜராத்தியும் புழங்கும் பேட்டை இது. மாமிக்கு அவர் சொன்ன வாக்கியத்தையே நான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாவது எனக்குப் பெரிய விஷயம். பின்பக்கச் சுழல் படிக்கட்டை "சர்வீஸ் படி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்கள். துப்புரவுத் தொழிலாளர்கள் வீட்டுக்குள் கால் வைக்காமல் கழிப்பறைக்கு வந்து போக வேண்டும் என்று கட்டிய படி அது. இங்கே அந்தக் காலத்துக் குடியிருப்புகள் பலவற்றில் உண்டு. எங்கள் தாத்தா பாட்டிகள் விரும்பித்தான் அப்படி இருந்தது. சூரியக் கதிரை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தவர்கள் இதையும் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். கேட்டபோது மறுக்காமல் ஒரு பக்கம் சேர்த்துத் தந்தார்கள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினோம்.

கூப்பிட நினைப்பவர்களுக்குச் சில விஷயம். வீடுகள் காலியாவதற்கு முன்பே வரச் சொல்லுங்கள். சாமான் இருக்கும்போதுதான் ஊஞ்சல் கொக்கி எங்கே, பூஜை அலமாரி எந்தச் சுவரில் என்பதெல்லாம் படத்தில் ஏறும். மழைக்காலம் வேண்டாம், சுவர் ஈரத்தில் பழைய வண்ணம் தெரியாது. பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு விடாமல் கம்ப்யூட்டரில் வரைந்த மூலக் கோப்புகளையும் (CAD) கேளுங்கள், கிரில்லையோ பெயர்ப்பலகை எழுத்தையோ புதுக் கட்டடத்தில் திரும்பச் செய்ய அதுதான் உதவும். பில்டருடன் ஒப்பந்தம் போடும்போது அந்த வரைபடங்களை இணைப்பாகச் சேர்க்க முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். எங்கள் வக்கீல் முடியும் என்றார். கிரில்லும் பெயர் எழுத்துகளும் இப்போது ஒப்பந்தத்தில் இருக்கின்றன.