பிறக்காதவன் செய்த கொலை: நோரா ஆலன் வழக்கில் எங்கள் வீட்டுக் கட்சிகள்

மின்னல் வேகத்தில் ஓடி காலத்தையே கடக்கும் சூப்பர் ஹீரோ பேரி ஆலனின் கதை 'தி ஃப்ளாஷ்' தொலைக்காட்சித் தொடர். அதில் அவன் தாய் நோரா ஆலனைக் கொன்றது யார் என்பதை முதல் சீசனே சொல்லிவிட்டது. மஞ்சள் உடைக்காரன் இயோபார்ட் தாவ்ன் எதிர்காலத்திலிருந்து வந்தவன். 2000 மார்ச் 18 இரவு சிறுவன் பேரியைத் தீர்த்துக்கட்ட வந்தான். அது முடியாமல் போகவே அவன் தாயைக் குத்திக் கொன்றான். பழி அப்பா ஹென்றியின் தலையில் விழுந்தது. இதில் யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு 2015 மே மாதம் வந்த அந்த சீசனின் கடைசி எபிசோடில் தொடங்கியது. எடி தாவ்ன் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். எடிதான் இயோபார்டின் மூதாதை. மூதாதையே போய்விட்டால் வம்சம் ஏது? இயோபார்ட் எல்லார் கண்ணெதிரிலும் கரைந்து காணாமல் போகிறான். அப்படியானால் அவன் பிறக்கவே இல்லை. பிறக்காதவன் 2000-இல் வந்து எப்படிக் கொலை செய்தான்? நோரா ஏன் உயிரோடு திரும்பவில்லை?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி பல வருடங்களாக ஓடுகிறது. அந்த 2015-இல் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு மும்முரமாக இருந்தது. மின்சாரம் போனால் டிவியும் இல்லை, வேறு வேலையும் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாதம் மட்டும் நடக்கும். புரட்டாசி சனிக்கிழமை பூஜைக்கு எல்லாரும் கூடினாலும், இலை எடுத்த கையோடு யாராவது ஒருவர் இதைக் கிளப்பிவிடுவார். எல்லாக் கட்சிகளின் வாதத்தையும் கேட்டபிறகு நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் சீக்கிரம் ஒதுக்கக்கூடிய ஒன்று: அது வேறு உலகம், இது வேறு உலகம் என்ற விளக்கம். எடி இறந்தது ஒரு காலக்கோட்டில், நோரா இறந்தது இன்னொரு காலக்கோட்டில் என்பார்கள். இந்தத் தொடரில் காலத்தை மாற்றினால் புதிய உலகம் கிளைத்து வருவதில்லை. இருக்கிற உலகமே மாறிப்போகிறது. பேரி செய்த குளறுபடியால் இதே உலகத்தில் நடக்கும் 'ஆரோ' தொடரில் டிகிள் என்பவரின் மகள் சாரா மகன் ஜானாகிவிட்டாள். பேரியின் நண்பன் சிஸ்கோவின் அண்ணன் டான்டே இறந்தே போய்விட்டான். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

அடுத்தது ஸ்பீட் ஃபோர்ஸ் கட்சி. ஃப்ளாஷ் போன்றவர்களுக்கு வேகத்தைக் கொடுக்கும் ஆற்றல்தான் ஸ்பீட் ஃபோர்ஸ். எங்கள் பெரியப்பா மகன் அண்ணன் இதில் உறுதியாக இருக்கிறார். அவருக்குத் தொடரே சாட்சி. 2016 ஜனவரியில் வந்த எபிசோடில் தாவ்ன் மறுபடி தோன்றும்போது, இரண்டாம் பூமி என்ற இணை உலகத்திலிருந்து வந்த விஞ்ஞானி ஹாரி வெல்ஸ் இதைத்தான் சொல்கிறார்: இவன் காலத்தில் தங்கிப்போன மிச்சம், ஸ்பீட் ஃபோர்ஸ் இவனைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. "எழுதினவனே சொல்லிட்டான், அப்புறம் என்னடா?" என்பது அண்ணனின் வாதம். நியாயம்தான்.

மூன்றாவது, அக்கா மகனுடைய கட்சி: எடி சாகவே இல்லை. சுட்டுக்கொண்ட எடியின் உடலை வானத்தில் திறந்த அந்தச் சுழல் இழுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு யாரும் பிணத்தைப் பார்க்கவில்லை. "பாடி கிடைக்கலைன்னா கேஸ் குளோஸ் ஆகாது மாமா" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். 2023-இல், ஒன்பதாவது சீசனில், எடி கோபால்ட் ப்ளூ என்ற வில்லனாகத் திரும்பி வந்தபோது அவன் துள்ளிய துள்ளல் இருக்கிறதே! பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எடி பிழைத்தான் என்றால் இயோபார்ட் அன்று ஏன் கரைந்தான்? அதற்கு அவனிடம் பதில் இல்லை.

நான் நிற்பது நான்காவது கட்சியில். கத்தி தாவ்னுடைய கையில் இருந்தது. ஆனால் அந்த மரணத்தை நிலைக்க வைத்தது தாவ்னின் பிறப்பு அல்ல, பேரியின் சம்மதம்.

எதை வைத்து முடிவு செய்வது? அழகு, பொருத்தம், எழுதியவர் சொன்னது எல்லாம் இரண்டாம் பட்சம். நான் பார்ப்பது பராமரிப்புச் செலவை. ஒன்பது சீசன், 184 எபிசோடு ஓடிய தொடர் இது. ஒரு விளக்கத்தைப் பழைய வீட்டுத் தகரக் கூரை மாதிரி ஒவ்வொரு மழைக்கும் ஒட்டுப் போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும் என்றால், அதை எத்தனை காலம் வைத்திருக்க முடியும்?

ஸ்பீட் ஃபோர்ஸ் கட்சிக்கு ஒட்டு எத்தனை என்று பாருங்கள். ஸ்பீட் ஃபோர்ஸ் அவனைக் காக்கிறது என்றால் 2015-இல் அவன் கரைந்தது ஏன் என்பதற்கு ஒன்று. பிறகு இதன் கிளைத் தொடரான 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ' இரண்டாம் சீசனில் தாவ்ன் உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டே இருக்கிறான். துரத்துவது ப்ளாக் ஃப்ளாஷ், இருக்கக்கூடாதவனை அழிக்க வந்தவன். அவன் யார் அனுப்பிய ஆள்? அதே ஸ்பீட் ஃபோர்ஸ் அனுப்பிய ஆள்! காப்பாற்றுவதும் அதுவே, கொல்ல ஆள் விடுவதும் அதுவே என்றால் இன்னொரு பெரிய ஒட்டு தேவை. அண்ணன் அதையும் போட்டார்: முதலில் காத்தது, பிறகு கைவிட்டது என்றார். ஏன் கைவிட்டது என்று கேட்டால் அடுத்த ஒட்டு வரும்.

இப்போது பேரியின் பக்கம். எடி சுட்டுக்கொள்ளும் அதே எபிசோடில், அதற்குச் சற்று முன்னால் நடப்பதை மறுபடி பாருங்கள். பேரி 2000-க்கு ஓடி, தன் பழைய வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறான். கூடத்தில் சிவப்பும் மஞ்சளுமாக மின்னல் சுழல்கிறது. அங்கே தாவ்னோடு மோதிக்கொண்டிருக்கும் இன்னொரு ஃப்ளாஷ், வயதில் மூத்த பேரி, இவனைப் பார்த்து வேண்டாம் என்று சைகை காட்டுகிறான். இவன் நின்றுவிடுகிறான். எல்லாம் முடிந்தபின் முகமூடியைக் கழற்றி, சாகும் தாயிடம் தான் யார் என்று சொல்லி விடை கொடுக்கிறான். அதாவது தாவ்னின் வம்சம் அறுபடுவதற்கு முன்பே, தடுக்க முடிந்த ஒரே ஆள் அந்தக் கொலையை நடக்க விட்டாயிற்று.

அப்புறம் ஒரு வருடம் கழித்து, 2016 மே மாதம், அப்பாவையும் இழந்த பேரி மறுபடி அதே கூடத்துக்கு ஓடுகிறான். இம்முறை தாவ்னைப் பிடித்து நிறுத்தி அம்மாவைக் காப்பாற்றுகிறான். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பழைய பேரி மங்கி மறைகிறான். சம்மதம் திரும்பப் பெறப்பட்டதும் நோரா பிழைத்துவிட்டாள்! தாவ்ன் பிறந்தானா இல்லையா என்பது அங்கே ஒரு பொருட்டாகவே வரவில்லை. மூன்றாம் சீசன் முதல் எபிசோடில் தாவ்ன் ஒரு கூண்டில் கிடக்கிறான். அந்த இரவிலிருந்து பேரி பிடித்து வந்து அடைத்தவன். உலகம் சிதைவதைப் பார்த்த பேரி அந்தக் கூண்டுக்கு வந்து, போய் முடித்துவிடு என்று அவனிடமே கேட்கிறான். கொலை மறுபடி நடக்கிறது.

கடைசியாக ஒன்பதாம் சீசன். பேரி அந்த இரவுக்கே இழுக்கப்படுகிறான். சிறுவன் பேரியைத் தூக்கிக்கொண்டு போன அந்த மூத்த ஃப்ளாஷ் தான்தான் என்று தெரிகிறது. 2015-இல் சைகை காட்டியவனும் இவனே என்று ஆகிவிட்டது. என் கட்சிக்கு ஒட்டுப் போட வேண்டிய வேலையே இல்லாமல், தொடரே வந்து மிச்ச இடத்தை நிரப்பியது.

குறை இல்லாமல் இல்லை. பேரி சம்மதிக்கலாம், ஆனால் குத்துவதற்கு முதலில் ஒரு தாவ்ன் வந்தாக வேண்டுமே? கூண்டில் கிடந்தவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டால் எதிர்காலத்திலிருந்து என்றுதான் நானும் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்கா மகன் இந்த இடத்தில்தான் என்னை மடக்குவான்: "செத்தவன் கொலை பண்ணலாம் மாமா, பிறக்காதவன் எப்படிப் பண்ணுவான்?" அந்த ஓட்டை நான்கு கட்சிகளுக்கும் பொது. என்னுடையதில் அது ஒன்றுதான் இருக்கிறது, வருடா வருடம் பெருகவில்லை.

காமிக்ஸ் பக்கம் எனக்குப் படிப்பு குறைவு. 2009-இல் வந்த 'ஃப்ளாஷ்: ரீபர்த்' கதையில் நோராவின் கொலையும் ஹென்றி மேல் விழுந்த பழியும் இருக்கின்றன, 2011-இல் வந்த 'ஃப்ளாஷ்பாயின்ட்' கதையில் பேரி அம்மாவைக் காப்பாற்றிவிட்டு, பிறகு அதைத் தானே மாற்ற வேண்டி வருகிறது. ஆக முடிவு பேரியின் கையில் என்பது தொடருக்கு முன்பே இருந்த எண்ணம். அதற்கு முந்தைய இதழ்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதை நிறையப் படித்தவர்கள் சொல்லட்டும்.

சோதித்துப் பார்க்க 184-ஐயும் பார்க்கத் தேவையில்லை. முதல் சீசனின் கடைசி, இரண்டாம் சீசனின் கடைசி, மூன்றாம் சீசனின் முதல், பிறகு ஒன்பதாம் சீசனில் பேரி 2000-க்குப் போகும் எபிசோடு. இந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, அந்தக் கூடத்தில் எத்தனை பேரி நிற்கிறான் என்று எண்ணுங்கள்.