உள்ளகக் குழுவா, உள்ளூர்க் குழுவா?

கடலூர் சிப்காட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில், வருகைப் பதிவு மெஷினுக்கு மேலே, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவின் பெயர்ப்பட்டியல் ஒட்டியிருந்தது. மை வெளுத்துப்போய், கம்பெனியைச் சேராத வெளி உறுப்பினரின் போன் நம்பரில் கடைசி இரண்டு எண்களைக் காணோம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தக் குழு கட்டாயம். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். சரி, மஞ்சக்குப்பத்தில் ஆறு பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடையில்? அவர்களுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு.

உள்ளகக் குழு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், சாட்சிகளும் அங்கேயே. ஆனால் தலைவி அதே கம்பெனியில் சம்பளம் வாங்குபவர். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள் என்றாலும், மேலாளர் மீது புகார் வந்தால் குரல் தணியத்தான் செய்யும். உள்ளூர்க் குழுவுக்கு அந்தச் சங்கடம் இல்லை. முதலாளி மீதே புகார் என்றால், கம்பெனி எவ்வளவு பெரியதானாலும் அங்கேதான் போக வேண்டும்.

காலக்கெடு இரண்டிலும் ஒன்றே: 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார், 90 நாளில் விசாரணை.

எனக்கு உள்ளூர்க் குழுதான் மேல். உள்ளகக் குழு இருக்கும் கம்பெனியில் மேலாளர் மீதான புகார் பெரும்பாலும் அதற்குத்தான் போகும், அந்தத் தேர்வு நம் கையில் இல்லை; அப்போது வெளி உறுப்பினரிடம் முதலில் பேசிவிடுவது நல்லது. நம்பர் கிடைத்தால்.