வெள்ளவத்தை பல்கனிக்கு 304 ஆ, 316 ஆ?

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலோரத்து மரைன் டிரைவுக்கும் நடுவில், மாடியில். பல்கனிக் கைபிடி மாற்றுவதற்குப் பழைய சோனகத் தெருவில் விசாரித்தபோது 202, 304, 316 என்று மூன்று கிரேட் ஸ்டெய்ன்லஸ் ஸ்டீல் (எஸ்எஸ்) குழாய்களை எடுத்துப் போட்டார்கள். பளபளப்பில் மூன்றும் ஒன்றுதான். நாங்கள் எடுத்தது 316.

202 பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றிய மலிவுச் சரக்கு. வீட்டுக்குள் கதிரை, மேசைக்குக் கால் வைக்கலாம், கடற்கரைப் பக்கம் வேண்டாம். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்எஸ் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்த மூன்றிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது. பில்லில் கிரேட் எண்ணை எழுதி வாங்குங்கள்.

சரி, போட்டி 304க்கும் 316க்கும்தான். 304 என்றால் கிட்டத்தட்ட 18% குரோமியம், 8% நிக்கல். சட்டி பானை, சிங்க், வீட்டுக்குள் படிக்கட்டுக் கைபிடி எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். 316இல் கூடுதலாக 2 முதல் 3% மொலிப்டினம் இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு, உருக்கின் மேலிருக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படையைத் துளைத்துப் புள்ளி புள்ளியாகக் கறள் வைக்கும்; அதற்கு ஈடுகொடுப்பது அந்த மொலிப்டினம்தான்.

ஆனால் எங்களை 316 பக்கம் தள்ளியது கழுவுகிற வேலை. மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று உப்பை அள்ளிக்கொண்டு வந்து அப்பும். மழையில் நனைகிற கம்பி தானாகவே கழுவுப்பட்டுவிடும், கூரைக்குக் கீழேயும் கைபிடியின் அடிப்பக்கத்திலும்தான் உப்புத் தங்கித் தேத்தண்ணி நிறத்தில் கறை ஏறும். 304 போட்டால் அந்த இடங்களை நல்ல தண்ணீரால் அடிக்கடி துடைக்க ஆள் வேண்டும், எங்கள் வீட்டில் யார் துடைப்பது? 316ஐயும் கழுவத்தான் வேண்டும், ஆனால் கொஞ்சம் பிந்தினாலும் சமாளிக்கும். விலை கூடத்தான், ஆனால் எங்களிடம் கேட்ட வெல்டிங் கூலி இரண்டுக்கும் ஒன்றே.

அப்புறம் அந்த வெல்டிங். ஒட்டு வைத்த இடம் நீலமும் பழுப்புமாக மாறியிருக்கும். பிக்ளிங் பேஸ்ட் என்கிற அமிலப் பசையைப் பூசி அந்த நிறத்தை எடுக்காமல் விட்டால் 316 ஆனாலும் அங்கேதான் முதலில் கறள் பிடிக்கும். வெல்டிங் பாஸ் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டு போவதற்கு முன் பார்த்துவிடுங்கள். இரும்பு நாரும் குளோரின் திரவமும் கிட்டவே வரக்கூடாது.

எங்களுடையது இன்னும் புதிது, பத்து வருடக் கதை என்னிடம் இல்லை. வீடு கடலுக்குத் தள்ளி மஹரகம, ஹோமாகம பக்கம் இருந்திருந்தால் யோசிக்காமல் 304 எடுத்து மிச்சக் காசை வைத்திருப்பேன்.