கும்பகோணம் போன இடத்தில் ஐசியு: மாமாவின் நுரையீரலைக் காப்பாற்றிய கவனிப்பு

சிங்கப்பூரிலிருந்து லீவில் கும்பகோணம் போனவனுக்கு, பாதி லீவு ஆஸ்பத்திரியிலேயே போனது. மாமாவுக்குப் பித்தப்பைக் கல் நழுவிக் குழாயை அடைத்ததில் கடுமையான கணைய அழற்சி. ஊரில் பெரியவர்களை விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சேர்த்தது வீட்டுப் பக்கத்தில் ஒரு நர்ஸிங் ஹோம். நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் லைபேஸ் (கணையம் சுரக்கும் ஒரு நொதி) இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. அதற்கப்புறம்தான் கோளாறு. டிரிப்ஸ் பாட்டில்கள் வேகமாக ஓடிக்கொண்டே இருந்தன. எவ்வளவு ஏறுகிறது, சிறுநீர் எவ்வளவு போகிறது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்ப்பதும் எப்போதாவதுதான். மறுநாள் காலையில் மாமாவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினார். ரத்தத்தில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது.

வயிற்று நோய்க்கு மூச்சு ஏன் முட்ட வேண்டும் என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். கணையம் வீங்கிப் புண்ணாகும்போது அங்கே கிளம்பும் அழற்சிப் பொருட்கள் ரத்தத்தோடு நுரையீரலுக்கும் போகின்றன. அங்குள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் மண்பானை போலக் கசிய ஆரம்பிக்கின்றன. காற்று இருக்க வேண்டிய நுண்ணறைகளில் நீர் கோக்கிறது. இது முற்றினால் ஏஆர்டிஎஸ், அதாவது நுரையீரலால் ரத்தத்துக்குப் போதிய ஆக்சிஜன் கொடுக்க முடியாத ஆபத்தான நிலை. இந்த நிலையில் டிரிப்ஸை அளவில்லாமல் ஏற்றினால் கசிவு கூடத்தான் செய்யும். இந்த நோய்க்கு வேகமாக ஏற்றுவதையும் மிதமாக ஏற்றுவதையும் ஒப்பிட்ட ‘வாட்டர்ஃபால்’ ஆய்வு 2022இல் வெளிவந்தது. வேகமாக ஏற்றியவர்களில் 20.5 சதவீதம் பேருக்கு உடலில் நீர் மிகுந்துபோனது. மிதமாக ஏற்றியவர்களில் 6.3 சதவீதம்தான். வேகத்தால் கூடுதல் பலனும் தெரியவில்லை. ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதற்காக டிரிப்ஸே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தேவைதான், அளவு பார்த்து ஏற்ற வேண்டும்.

ஆக்சிஜன் வைத்த ஆம்புலன்ஸில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். அங்கே ஐசியுவில் நான் பார்த்த கவனிப்பை மனசாரப் பாராட்ட வேண்டும். மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தும் போதாமல், வென்டிலேட்டர் வைக்க முடிவு செய்தார்கள். அப்போது சிஸ்டர் டேப் எடுத்து மாமாவின் உயரத்தை அளந்தார். எதற்கு என்று கேட்டேன்.

“உடம்பு எடை கூடினாலும் நுரையீரல் பெரிசாகாது சார். உயரத்தை வச்சுத்தான் காத்தோட அளவைக் கணக்குப் போடணும்” என்றார் டாக்டர்.

மாமாவின் எடை 88 கிலோ. ஆனால் 160 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கணக்குப்படி 57 கிலோதான். கிலோவுக்கு 6 மில்லி வீதம், ஒரு மூச்சுக்கு 340 மில்லி போலக் காற்று. நிஜ எடையை வைத்துப் போட்டிருந்தால் 500ஐத் தாண்டியிருக்கும். ஏற்கெனவே நொந்த நுரையீரல் இன்னும் கிழிந்திருக்கும். சின்ன மூச்சாகக் கொடுத்தால் உயிரிழப்பு குறைகிறது என்று 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பெரிய ஆய்வு காட்டிவிட்டது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு டேப்தான்!

மற்றவையும் இதே பொறுப்போடு நடந்தன. தலைமாட்டை உயர்த்தியே வைத்திருந்தார்கள். வயிறு உப்பி உதரவிதானத்தை (நுரையீரலுக்குக் கீழே உள்ள மூச்சுத் தசையை) மேலே தள்ளுகிறதா என்று அழுத்தம் பார்த்தார்கள். பட்டினி போடாமல் குழாய் வழியாகச் சீக்கிரமே உணவு கொடுத்தார்கள். தொற்று இருப்பதாகத் தெரியாததால் ஆன்டிபயாடிக் போடவில்லை.

எனக்கு ஒரே மனக்குறை, உறவினரிடம் பேச ஒதுக்கிய நேரம் மிகவும் குறைவு. வாசலில் காத்திருப்பவர்களுக்கு அது போதாது. அதனால் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன்: நேற்று ஏறிய நீர் எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு, ஆக்சிஜன் தேவை கூடியதா குறைந்ததா, வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முயன்று பார்த்தீர்களா? தாளோடு போன நாட்களில் பதில் தெளிவாகவே கிடைத்தது.

வென்டிலேட்டர் எடுத்தபின் பிசியோதெரபிஸ்ட் வந்து மாமாவை நாற்காலியில் உட்கார வைத்தார். மூன்று பந்து உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவியில் முதலில் ஒரு பந்துகூட எழும்பவில்லை. வீட்டுக்கு வரும்போது இரண்டு எழும்பியது. பித்தப்பை ஆபரேஷன் பாக்கி இருக்கிறது. கணையத்தைச் சுற்றித் தேங்கிய நீர் வற்றட்டும், அப்புறம் தேதி சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.