வளாக வைஃபை: எல்லாம் சரி, அந்த லாகின் பக்கம்தான்

ஆராய்ச்சிக்குச் சேரப்போகும் நண்பன் ஒருவன், “உங்க கேம்பஸ்ல நெட் எப்படி?” என்று கேட்டான். ‘பரவாயில்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரம், ஏதோ பராமரிப்பு வேலை முடிந்து லாகின் பக்கம் மறுபடி படுத்தத் தொடங்கியிருந்த நேரம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வேகத்தைக் குறை சொல்ல முடியாது. வகுப்புக் கட்டடங்களிலும் நூலகத்திலும் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை நன்றாகவே கிடைக்கிறது. விடுதியில் ஆளாளுக்கு ஒரு சொந்த ரவுட்டர் வைத்திருப்பதால் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசல். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அதற்கு ஐடி பிரிவைத் திட்டிப் பயனில்லை.

திட்ட வேண்டியது லாகின் பக்கத்தை. விடுதி வைஃபையில் நள்ளிரவானதும் எல்லோருடைய இணைப்பும் துண்டிக்கப்படும். மறுபடி பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே வர வேண்டும். சோதனைத் தரவுகளை சர்வருக்கு ஏற்றவிட்டுப் படுத்தால், காலையில் பாதியில் நிற்கும். துண்டித்ததைச் சொல்லவும் மாட்டார்கள். வைஃபை குறி முழுசாகத் தெரியும், எந்தத் தளமும் திறக்காது. சரி, லாகின் பக்கமாவது தானாக வருமா? அதுவும் அதன் மனநிலையைப் பொறுத்தது.

இதற்குக் காரணம் இருக்கிறது. நாம் ஒரு தளத்தைக் கேட்கும்போது இடையில் புகுந்து வேறொரு பக்கத்தைக் காட்டுவதுதான் இந்த ஏற்பாடு. இணையம் மறையாக்கம் இல்லாத எச்டிடிபியில் ஓடிய காலத்தில் அது எளிது. இப்போது ஏறக்குறைய எல்லாமே மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ். இடையில் யாராவது புகுந்தால் பிரவுசர் எச்சரித்து நின்றுவிடும், சில தளங்களுக்கு ‘பரவாயில்லை, தொடரு’ என்ற வழியைக்கூடத் தராது. பிரவுசர் செய்வதுதான் சரி. போன்கள் ஒரு தனி முகவரியைத் தட்டிப் பார்த்து, எதிர்பார்த்த பதில் வராவிட்டால் லாகின் பக்கத்தைத் திறந்து காட்டும். என் லேப்டாப்பில் அது பாதி நேரம் நடப்பதில்லை. நெவர்எஸ்எஸ்எல் என்ற தளத்தை இதற்காகவே புக்மார்க் செய்து வைத்திருக்கிறேன். மறையாக்கம் இல்லாமலே திறக்கும் என்பதுதான் அந்தத் தளத்தின் ஒரே வேலை.

அப்புறம், ஒருவருக்கு இத்தனை சாதனங்கள்தான் என்ற கணக்கு. அதை மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு சாதனத்தின் வைஃபைக்கும் உள்ள அடையாள எண்ணை, வைத்துப் போடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. ஓஎஸ் அப்டேட் ஆனதும் பழைய போன், லாகின் பக்கத்துக்குப் புதிய போன் ஆகிவிட்டது. என்னிடம் இல்லாத சாதனங்களெல்லாம் என் பெயரில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்க, கையில் இருக்கும் போனுக்கு ‘வரம்பு முடிந்தது’ என்று பதில். டிக்கெட் போட்டால் அழித்துத் தருகிறார்கள், அதுவும் அன்றைக்கே. ஐடி பிரிவில் இருப்பவர்கள் பொறுமைசாலிகள், அதில் சந்தேகமே இல்லை.

இதே வளாகத்தில்தான், நம் பல்கலைக்கழகக் கணக்கை வைத்தே மற்றப் பல்கலைக்கழகங்களிலும் இணையவிடும் எடுரோம் வைஃபையும் இருக்கிறது என்பதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. ஒரு கருத்தரங்குக்காக வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். யாரிடமும் பாஸ்வேர்டு கேட்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்தபோது மெயில்கள் வந்து கிடந்தன. 2002இல் நெதர்லாந்தில் கிளாஸ் வீரெங்கா முன்வைத்த யோசனை, இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடுகிறது. போன இடத்தில் லாகினைக் கவனிக்கும் ரேடியஸ் சர்வர் நம் பெயரில் @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து, கோரிக்கையை நம் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிவிடும். பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது நம் சர்வர்தான். அவர்களுக்குக் கிடைப்பது ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற பதில் மட்டும். லாகின் பக்கம் என்ற பேச்சே இல்லை.

அதாவது ஊர் விட்டு ஊர் போனால் என்னை அடையாளம் தெரிகிறது, என் அறைக்கு வந்தால் ‘நீ யார்?’ என்று கேட்கிறது. விடுதியில் எடுரோம் கிடையாது. கேட்டதற்கு, டிவி, விளையாட்டுக் கருவி போன்றவற்றில் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து எடுரோமில் சேர வசதி இருக்காது என்றார்கள். நியாயம்தான். அவற்றுக்கு அந்தப் பழைய வைஃபை இருக்கட்டும், எடுரோமையும் கூடவே விடலாமே! வைஃபை தரும் ஒரே ஆக்சஸ் பாயின்டில் இரண்டு வைஃபை பெயர்களும் ஓடும். நூலகத்தில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்வது தனிக் கொடுமை. காரணமில்லாமல் இப்படிக் கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி 2017லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. மாற்றிய அன்று டேப்லெட் ஒரு மூலையில் பழைய பாஸ்வேர்டை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும், கணக்கே பூட்டப்பட்டுவிடும்.

நூலகச் சந்தாவைச் சொல்லாமல் விட்டால் பாவம். வீட்டிலிருந்தும் அதே பெயர், பாஸ்வேர்டில் ஆய்விதழ்கள் திறக்கின்றன. ஒருநாளும் கைவிட்டதில்லை. மென்பொருள் உரிமங்களும் தாராளம்.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு, ஐந்துக்கு இரண்டுதான் கொடுக்கிறேன். நேற்றிரவும் அப்லோடு பாதியில் நின்றது. நண்பனுக்கு: கணக்கு கைக்கு வந்த அன்றே கெட்எடுரோம் செயலியை வைத்து எடுரோமை அமைத்துக்கொள். உண்மையான சர்வர்தானா என்று சரிபார்க்க உதவும் சான்றிதழை அதுவே சரியாகப் போட்டுவிடும், போலி வைஃபையிடம் பாஸ்வேர்டு போகாது. பெரிய கோப்புகளை நூலகத்தில் உட்கார்ந்து ஏற்று. விடுதிக்கு மொபைல் டேட்டாவை நம்பு.