கியோட்டோவில் ‘அசல்’ ஹிரோஷிகே வாங்கி ஏமாந்தேன்: அச்சோவியம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன நவம்பரில் கியோட்டோவில் ஒரு சின்னப் பழம்பொருள் கடையில் 78,000 யென் கொடுத்து 19-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மரப்பலகை அச்சோவியம் ஒன்றை வாங்கினேன். எடோ காலத்து (1603–1868) அசல் என்று சொல்லித்தான் விற்றார்கள். அது அசல் இல்லை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன்.

படம், ஷின்-ஓஹாஷி பாலத்தின் மேல் திடீரென்று கொட்டும் மழை. ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ வரிசையில் 1857-இல் வெளிவந்தது; எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். பாலத்தில் ஆட்கள் குனிந்தபடி ஓடுகிறார்கள், கீழே ஆற்றில் ஒருவர் மட்டும் தன் பாட்டுக்குத் தெப்பம் தள்ளிக்கொண்டு போகிறார். வான் கோ 1887-இல் எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுத்த படம் இதுதான். அந்த மழைக்கோடுகளை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஹிரோஷிகே தாளில் வரைந்து கொடுத்துவிடுவார். செதுக்குகிறவர்தான் செர்ரி மரப்பலகையில் தலைமுடி அளவு கோட்டை மேடாக விட்டுவிட்டு, சுற்றியுள்ள மரத்தையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டும். ஒரு கோடு உடைந்தால் போச்சு.

கடைக்காரர் மிகவும் பொறுமையாகப் பேசினார். சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றிப் பின்பக்கம் காட்டினார். வண்ணம் தாளுக்குள் ஊறிப் பின்னால் தெரிந்தது. மூங்கில் உறை சுற்றிய ‘பாரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்த்த தடங்களும் இருந்தன. பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, “இயந்திர அச்சாக இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், பாருங்கள்” என்றார். புள்ளிகள் இல்லை. தாளும் பழுப்பேறியிருந்தது. ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது: படத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பே இல்லையே? அந்தக் காலத்தில் சேகரிப்பவர்கள் ஆல்பத்தில் ஒட்டுவதற்காக விளிம்பை வெட்டிவிடுவார்கள் என்றார். அப்படி வெட்டியது உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். அதனால் அதற்கு மேல் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து டோக்கியோ போனபோது, ஜிம்போச்சோவில் அச்சோவியம் விற்கும் பெரியவர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. “ஃபுக்கோகு” என்றார்.

ஃபுக்கோகு என்றால் பழைய படத்தைப் பார்த்துப் புதிதாகப் பலகை செதுக்கி அச்சிடுவது. மேஜி காலம் (1868–1912) தொட்டு நூறு வருடத்துக்கும் மேலாக இது நடக்கிறது. அதே செர்ரிப் பலகை, அதே கோசோ மரப்பட்டை நார்த் தாள், அதே பாரென். அப்படியானால் எனக்குக் காட்டிய வண்ண ஊறல், தேய்ப்புத் தடம், புள்ளி இல்லாத கோடு எல்லாம் இதிலும் இருக்கத்தானே செய்யும்? கையால் அச்சிட்டது என்பதற்கு அவை ஆதாரம். 1857-இல் அச்சிட்டது என்பதற்கு இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு 78,000 யென் ஆகியிருக்கிறது.

பெரியவர் கணினியில் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கும் அசல் அச்சின் படத்தைத் திறந்து என் படத்தோடு ஒப்பிட்டார். ஒரே பலகையில் அடித்த படங்களில் கோடு தேய்ந்திருக்கலாம், அறுந்திருக்கலாம், ஆனால் இடம் மாறாது. என்னுடையதில் சில மழைக்கோடுகள் வேறு இடத்தில் தொடங்கின, பாலத்துத் தூண் ஒன்றின் விளிம்பும் வேறு மாதிரி வளைந்திருந்தது. பழுப்பு நிறம் முன்னும் பின்னும் ஒரே சீராக இருந்ததால், தேயிலைச் சாயத்தில் நனைத்திருக்கலாம் என்றார்.

அப்புறம் அந்த விளிம்பு. இந்த வரிசையின் அசல் படங்களில் பதிப்பாளர் உவோயா எய்கிச்சியின் குறி விளிம்பில்தான் இருக்கும். நல்ல ஃபுக்கோகுகள் பலவற்றிலும் விளிம்பில் பதிப்பகத்தின் பெயர் இருக்கும், செதுக்கியவர் பெயரும் அச்சிட்டவர் பெயரும்கூட இருக்கும். யாரும் எதையும் மறைத்துச் செய்த வேலை இல்லை அது. என் படத்தில் அந்தப் பெயர்களைத்தான் யாரோ வெட்டி எறிந்திருக்கிறார்கள். பணம் போனதைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை. அத்தனை மழைக்கோட்டையும் செதுக்கிய ஒரு மனிதர் தன் பெயரோடு கொடுத்த படம் அது.

கடைக்குப் போன் செய்தேன். “மரப்பலகை அச்சு என்றுதான் ரசீதில் எழுதியிருக்கிறோம், அது உண்மைதானே” என்றார்கள். ரசீதைப் பார்த்தேன். ‘ஹிரோஷிகே, மரப்பலகை அச்சு’, அவ்வளவுதான். வருடம் இல்லை, அசல் என்ற சொல்லும் இல்லை. ஜப்பானின் நுகர்வோர் உதவி எண் 188-ஐ அழைத்தேன். அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்கள், கடையிலும் பேசிப் பார்த்தார்கள். ஆனால் கடைக்கே போய் வாங்கிய பொருளுக்கு, எட்டு நாளில் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கும் சட்ட உரிமை கிடையாது. வாய்ச்சொல்லை நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. பணம் வரவில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். எந்த வருடம் செதுக்கிய பலகை, எந்தக் காலத்தில் அச்சிட்டது என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் பதிப்பு என்றால் ‘ஷோசுரி’, அதே பழைய பலகையில் பின்னால் அடித்தது என்றால் ‘அதோசுரி’, புதுப்பலகை என்றால் ‘ஃபுக்கோகு’. இந்த மூன்றில் எது என்று எழுதத் தயங்கினால் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். வாங்குவதற்கு முன் அருங்காட்சியகப் படத்தைப் போனில் திறந்து, முகங்களை விட்டுவிட்டுக் கோடுகளின் நுனிகளை ஒப்பிடுங்கள். விளிம்பு இல்லாத படம் என்றால் இரண்டு மடங்கு கவனம்.

படம் இப்போதும் என் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. பின்னட்டையில் பென்சிலால் ‘ஃபுக்கோகு, 20-ஆம் நூற்றாண்டு, விளிம்பு வெட்டப்பட்டது’ என்று ஜப்பானிய மொழியிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு இது யார் கைக்குப் போனாலும் அசல் என்று சொல்லி விற்க முடியாது.