பலகையா, பெட்டியா? நான்கறை வீட்டு ஹாலுக்கு எந்த ஸ்பீக்கர்?

ஸ்பீக்கர் பார்க்கக் கிளம்பும் முன் ஹாலை ஒருமுறை டேப் வைத்து அளந்துவிடுங்கள். டிவி சுவரை விட்டு ஸ்பீக்கரை எவ்வளவு முன்னால் கொண்டுவர வீட்டில் சம்மதிப்பார்கள்? ஒரு மீட்டர் என்றால் பிளேனர் எனப்படும் பலகை ஸ்பீக்கரைப் பற்றிப் பேசலாம். ஒரு சாண்தான் என்றால் பெட்டியே சரி.

காரணம் எளிது. கோன், அதாவது ஸ்பீக்கரின் கூம்பு வடிவத் தகடு, அசையும்போது பின்பக்கமும் ஒலி பிறக்கிறது. பெட்டி ஸ்பீக்கர் அதை உள்ளேயே அடைத்து வைக்கிறது. பிளேனரில் பெட்டியே கிடையாது. ஆளுயரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய மைலார் பிளாஸ்டிக் படலம்தான் முழு ஸ்பீக்கரும். முன்னால் வரும் அளவு ஒலி பின்னாலும் போய், சுவரில் மோதித் திரும்பும். ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால் அது சுமார் 6 மில்லிசெகண்டு தாமதமாக வருகிறது. பாடுபவர் இருக்கும் மேடைக்கு ஆழம் இருப்பதுபோல் காது அதை எடுத்துக்கொள்ளும். 20 செ.மீ. மட்டும் விட்டால் ஒரு மில்லிசெகண்டு சொச்சத்தில் திரும்பி, நேர் ஒலியோடு கலந்து, பாடுபவரின் குரலையே வேறு மாதிரி ஆக்கிவிடும்.

பலகையில் இரண்டு வகை. இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர் 1957இல் குவாட் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது எலக்ட்ரோஸ்டாட்டிக்: ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிய படலம், இருபுறமும் துளையிட்ட தகடுகள். 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜிம் வைனி தொடங்கிய மேக்னபேன் காந்த வழியில் போனது: படலத்தில் ஒட்டிய கம்பி, பக்கத்தில் வரிசையாகக் காந்தங்கள். குரலின் தெளிவில் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஒரு படி மேல் என்பது என் எண்ணம். ஆனால் நம் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். ஜன்னலைத் திறந்து, காற்றாடி போட்டு வாழ்கிற ஹாலில் தூசியும் ஈரமும் சேர்ந்து அந்த மின்னேற்றத்தைக் கசியவைக்கும். ஹாலில் பெரும்பாலும் ஏர்கான் ஓடினால் எலக்ட்ரோஸ்டாட்டிக் பாருங்கள். இல்லாவிட்டால் காந்தப் பலகை போதும். அதற்குத் தனி மின் இணைப்பும் வேண்டாம்.

இனி பாட்டுக்கு வருவோம், எனக்கு முக்கியம் அதுதான். தம்புரா ஒலிக்க, ஒருவர் மெதுவாக ஆலாபனை செய்யும் பதிவை நல்ல பலகையில் கேட்டால் குரலுக்கு ஓர் உயரம் இருக்கும். எதிரே மனிதர் உட்கார்ந்திருக்கிற அளவில் கேட்கும். பெட்டியில் போல மரச் சுவர்கள் இங்கே அதிர்வதில்லை, ஏனென்றால் சுவர்களே இல்லை. வீணையின் மீட்டு ஓய்ந்தபின் மிச்சமிருக்கும் நாதம் கடைசிவரை காதில் விழும். இந்த ஒரு விஷயத்தில் இதே விலைப் பெட்டி எதுவும் பலகையைத் தொட்டதாக நான் கேட்டதில்லை.

அதே பலகையில் நாதஸ்வரம், தவில் கச்சேரியைப் போடுங்கள். சிராங்கூன் சாலைக் கோயில் வாசலில் தவில் நெஞ்சில் இடிக்குமே, அது வராது. படலம் அசையக்கூடிய தூரம் குறைவு. மேலும் 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். ஓரடி அகலப் பலகையின் விளிம்பைச் சுற்றிவரும் பின் அலை முன் அலையை அழித்துவிடும். பேஸ் கிட்டார் தூக்கலான இளையராஜா பாட்டுகளுக்கும் இதே குறைதான். இதற்குப் பெட்டி வேண்டும், அல்லது பலகையோடு ஒரு சப்வூஃபர்.

ஆனால் அடுக்குமாடியில் இந்தக் குறையே ஒரு வசதி ஆகிறது. கான்கிரீட் தளம் வழியே கீழ் வீட்டுக்குப் போய்ச் சண்டையைக் கொண்டுவருவது பேஸ்தான், குரல் அல்ல. இரவில்தான் பாட்டுக் கேட்க நேரம் கிடைக்கிறது என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்று எதிரொலிக்கிற ஹாலிலும் பலகைக்குச் சாதகம் உண்டு. அது பக்கவாட்டிலும் மேலும் கீழும் குறைவாகவே ஒலியை விடும்.

குடும்பமாகக் கேட்பவர்களுக்குப் பெட்டிதான். பலகையில் உயர் சுரங்கள் நேராகவே பாய்வதால் நடு சோபாவில் இருப்பவருக்கே முழுப் பாட்டும் கிடைக்கும். சாப்பாட்டு மேசையில் இருப்பவருக்கு அது மங்கல்தான்.

ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2019இல் வந்த மேக்னபேன் எல்ஆர்எஸ் நாலடி உயரம்தான், விலையும் பயமுறுத்தாது. ஆனால் அது 4 ஓம், அதாவது ஆம்பிடமிருந்து அதிக மின்னோட்டம் இழுக்கும்; கொடுக்கிற வாட்டுக்கு வரும் ஒலியும் குறைவு. 3 டெசிபல் கூட்ட வேண்டுமானால் வாட் இரட்டிப்பாக வேண்டும். சின்ன ஆம்ப் வைத்திருப்பவர் ஸ்பீக்கர் விலையை மட்டும் பார்த்து இறங்கினால் பட்ஜெட் கையை மீறும்.

பெட்டி என்று முடிவானால், சுவரை ஒட்டி வைக்கிறவர்களுக்கு மூடிய பெட்டியைத்தான் சொல்வேன். 1954இல் எட்கர் வில்ச்சர் உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை செய்யவைத்தார். சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் வந்தது அப்படித்தான். பின்னால் ஓட்டை உள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டினால் பேஸ் பெரும்பாலும் கொழகொழத்துவிடும். குரலே முக்கியம், ஆனால் இடம் இல்லை என்பவர்களுக்கு எல்எஸ்3/5ஏ வழிவந்த பெட்டிகள். பிபிசி 1970களில் ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துப் பேச்சைச் சரிபார்க்க வடிவமைத்த, 30 செ.மீ. உயரமே உள்ள மூடிய பெட்டி அது. பலகைக்கு அடுத்தபடி குரலுக்கு நான் நம்புவது இதைத்தான்.

கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபி கட்டடத்து ஹைஃபை கடைகளுக்குப் போகும்போது நீங்கள் வழக்கமாகக் கேட்கிற பாட்டை எடுத்துப் போங்கள். அப்புறம், ஸ்பீக்கரை உங்கள் வீட்டு அளவுக்குச் சுவர்ப் பக்கம் நகர்த்தச் சொல்லிக் கேளுங்கள். கரோசல் செயலியில் பழையது வாங்குகிறீர்களா? பெட்டி என்றால் கோனைச் சுற்றிய நுரை வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நம் சீதோஷ்ணத்தில் அது பொடிந்துபோகும். ரப்பர் வளையம் நெடுநாள் தாங்கும். காந்தப் பலகை என்றால் மிருதங்கத் தனி ஒன்றைக் கொஞ்சம் சத்தமாகப் போட்டு, தொப்பி எனும் இடப்பக்கத்தில் அடி விழும்போது கரகரக்கிறதா என்று கவனியுங்கள். கரகரத்தால் கம்பி பசை விட்டிருக்க வாய்ப்பு அதிகம். பழுதுபார்க்கும் செலவைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.